குளிர் ஆகாத ரத்தம்

நான் அதிகம் பேசாதவன். வாயில் கோளாறு ஒன்றும் இல்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். உள்ளே கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாம் கை ஜாடைதான். உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பலகையைத் திறந்து, தகர டின்னைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒருமுறை முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வரும். கொக்கி போட்டு இழுத்துத் தள்ள வேண்டியது என் வேலை. இளவட்டமாக உள்ளே போனவன் அங்கேயே நரைத்தேன். வெளியே போனால் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே என்று வேறு வேலை பற்றி யோசித்ததுகூட இல்லை.

ஒரு பங்குனி மாதக் காலையில் முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“இங்க பாருங்க. கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடக்கு. மஞ்சக்காமாலதான் இது.”

அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கான பேச்சையும் அவளே பேசிவிடுவாள். சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெரு முழுக்க எனக்குக் காமாலை என்று தெரிந்துபோனது. காமாலை என்றால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். சூடு என்றால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். இதில் தெருவில் இரண்டாவது கருத்து கிடையாது.

வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். பிறகு பழைய சோற்றுத் தண்ணீர். பத்து மணிக்கு இளநீர், மத்தியானம் நுங்கு. விடிகிற நேரத்தில் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றினாள். எதிர் வீட்டுக்காரர் பிரிட்ஜில் வைத்த தர்பூசணியை அறுத்துக்கொண்டு வந்து, நான் தின்று முடிக்கிறவரைக்கும் நகராமல் நின்றார்.

கம்பெனி முதலாளி அண்ணாச்சி என்னைவிடக் கவலைப்பட்டார். நல்ல மனிதர். என் தோளைப் பிடித்துத் தொட்டி ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஏலே, வெளியே லாரிப் பக்கம் வராதே. வெயிலு ஆகாது ஒனக்கு. இங்கனயே தொட்டிகிட்ட நில்லு. ஊர்ல காமால வந்தவன்லாம் குளுந்த இடம் தேடி அலையுதான். ஒனக்கு வேலையே குளுந்த இடத்துல. குடுத்து வச்சவம்லே நீ.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உடம்பு கேட்கவில்லை. ஒரு பாரை இழுத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. விரல் நுனியும் காது மடலும் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வந்தன. வேலைக்குப் போய்வந்த பிறகு சிறுநீர் கருப்பட்டிக் காப்பியாகப் போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைப் போய் எப்படிச் சொல்வது?

பங்குனி முடிகிற சமயம் ஒருநாள் கொக்கியும் கையுமாக அப்படியே ஐஸ் பார் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அண்ணாச்சி தன் காரிலேயே என்னைத் தூக்கிப் போட்டு, வழியில் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழி முழுக்க ஏசியைக் கூட்டி, காற்று வருகிற துவாரம் இரண்டையும் என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். “காத்து படட்டும், காத்து படட்டும்” என்று அவர் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு பற்கள் கிட்டித்துக்கொண்டது மட்டும் ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் என் ரத்தம் முதலில் அங்குள்ளவர்களுக்குச் சண்டை மூட்டிவிட்டது. எடுத்து அனுப்பிய ரத்தம் கட்டியாகிவிட்டது என்று லேபிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நர்ஸ் மறுபடி எடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. “நான் நல்லாத்தான் குலுக்கி அனுப்பினேன்” என்று நர்ஸ் போனில் சத்தம் போட்டார். என்னால்தான் இந்தச் சண்டை என்று எனக்கு ஒரே வெட்கம். போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் டாக்டர் அம்மாவே வந்தார். சின்ன வயதுதான். சாத்தான்குளம் பக்கத்துப் பேச்சு. தானே ஊசி போட்டு ரத்தம் எடுத்து, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கண்ணாடி ஓரத்துல பாருங்க. ரவை ரவையா ஒட்டுதா?”

“ஆமா டாக்டரம்மா. திரிஞ்ச பாலு மாதிரி.”

டாக்டர் குழாயைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, வேறு ஏதோ நோயாளியைப் பற்றி நர்ஸோடு பேசிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விரித்தார். ரவை எல்லாம் போய், ரத்தம் வழுவழுவென்று ஓடியது. அடுத்து, ஏசிக்குக் கீழே இருந்த இரும்பு மேஜையில் அதை வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ரவை ரவையாகத் திரண்டது. என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் உடம்புக்குள் இருந்து வந்த பொருள்தான். ஆனாலும் ஏதோ வித்தை பார்ப்பதுபோல நானே ஆர்வமாகப் போர்வையை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

“ஐயாவுக்கு என்ன வேலை?” என்றார் டாக்டர்.

“ஐஸ் கம்பெனி” என்றாள் மனைவி.

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். “வீட்டுல என்ன மருந்து குடுத்தீங்க?”

என் மனைவி பெருமையாகச் சொல்லத் தொடங்கினாள். மோரில் ஆரம்பித்து, இளநீர், நுங்கு, கிணற்றுக் குளியல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தர்பூசணி வந்தபோது டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் இருக்கா?”

“காருல ஏசி போட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம், டாக்டரம்மா. குறையே வைக்கல.”

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?” என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். மனைவி எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கே அது தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்காக ஒரு பதில் அவளிடம் இல்லை. வேறு வழியில்லாமல் நானே சொன்னேன்.

“கருப்பட்டிக் காப்பி.”

“எப்பப்போ?”

“வேலைக்குப் போயிட்டு வந்தா. லீவு நாள்ல கொஞ்சம் தெளிஞ்சிரும்.”

“இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு” என்றார் டாக்டர். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னது இதுதான். துறைமுக கேட்டில் காவல்காரர்கள் நிற்கிறார்கள். திருடனைப் பிடிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஒருநாள் அவர்களுக்குப் புத்தி பிசகி, உள்ளே வேலைக்குப் போகிற நம் ஆட்களையே திருடன் என்று பிடித்துக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? என் ரத்தத்தில் நடப்பது அதுதான். கிருமியை விரட்டுவதற்காக உடம்பு செய்து வைத்த பொருளே சிவப்பு அணுக்களைப் பிடித்து ஒட்டவைத்து உடைக்கிறது. உடைந்த அணுவிலிருந்து வருகிற மஞ்சள்தான் கண்ணில் தெரிகிறது. கல்லீரல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

“இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு உடம்புச் சூட்டுலேயே நடக்கும். அதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நல்லா கேக்கும். உங்களுக்கு இருக்கறது ரெண்டாவது வகை. உங்க காவல்காரனுக்குச் சூட்டுல கண்ணு நல்லாத் தெரியுது. குளிர்ந்தாத்தான் ஆள் மாறிப்போகுது. ஸ்டீராய்டு இவனுக்கு அவ்வளவா கேக்காது. சூடுதான் முதல் மருந்து.”

“அப்போ நாங்க குடுத்தது?” என்றாள் மனைவி மெதுவாக.

“காவல்காரனுக்குச் சாராயம் வாங்கிக் குடுத்தீங்க” என்றார் டாக்டர்.

என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது. ஊரே சேர்ந்து பாசத்தோடு என்னைக் குளிர வைத்திருக்கிறது.

அன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எந்த ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் என் ரத்தம் சண்டைக்குப் போனதாம். எல்லாவற்றையும் சூட்டிலேயே வைத்துப் பொருத்தம் பார்த்துக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ரத்தம் வருகிற குழாயைச் சுற்றி வைத்து வெதுவெதுப்பாக்க ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சின்ன மெஷின் ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போதுதான் பிரச்சினை வந்தது. என் தலைக்கு மேலே மின்விசிறி. அதை நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஒரே விசிறிதான் பக்கத்து இரண்டு கட்டிலுக்கும்.

வெளியே அனல் அடித்தது. ஒரு கட்டிலில் கால் முறிந்த லாரி டிரைவர். இன்னொன்றில் ஆலந்தலைக்காரப் பெரியவர், வயிற்று ஆபரேஷன் ஆனவர்.

“ஏ தாயி, பேனை அமத்துனா நான் கருவாடால்லா ஆயிருவேன்” என்றார் பெரியவர்.

“டாக்டரே சொல்லியாச்சு” என்றாள் மனைவி.

“எங்க டாக்டர் அப்படிச் சொல்லலையே” என்றார் டிரைவர்.

எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் என்று இருந்தது. மனைவி வார்டு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி மூலையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மேலே விசிறி ஓடாது. பக்கத்தில் மேற்குப் பார்த்த சன்னல். சாயங்கால வெயில் நேராகக் கட்டிலில் விழும். யாரைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் கெஞ்சிக் கூத்தாடி வேறு இடம் மாறிவிடுவார்களாம்.

“அது எங்களுக்கு” என்றாள்.

நர்ஸ் நம்பவில்லை. என்னைச் சக்கர நாற்காலியில் அங்கே தள்ளிக்கொண்டு போனபோது பெரியவர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். “நல்லா இருப்ப மக்கா! கெடைக்காத எடம் கெடைச்சிருக்கு ஒனக்கு!” வார்டே சிரித்தது. அந்த மூலையில், சாய்கிற வெயிலில், யாரோ முகம் தெரியாத ஒருவரின் ரத்தம் சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் விரல் நகங்களில் ரோஸ் நிறத்தைப் பார்த்தேன்.

பிறகு நிறையப் பரிசோதனைகள். இடுப்பெலும்பில் ஊசி விட்டுப் பார்த்தார்கள். பயப்படும்படி உள்ளே வேறு நோய் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்றதும் அந்தக் காவல்காரர்களை உற்பத்தி செய்கிற இடத்தையே அடக்குகிற மருந்தை ஆரம்பித்தார்கள். வாரம் ஒருமுறை, கை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக. முதல் தடவை அது உள்ளே போனதும் உடம்பு தூக்கிப் போட்டது. அப்படி ஒரு நடுக்கம். ஐஸ் தொட்டிக்குள் விழுந்தால்கூட அப்படி நடுங்கியிருக்க மாட்டேன். சொட்டைக் குறைத்து, ஒரு ஊசி போட்டு, கம்பளியைப் போர்த்தினார்கள். மனைவி அந்தக் கம்பளிக்கு மேலே தானும் படுக்காத குறையாகக் குனிந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரங்களில் அந்த நடுக்கம் வரவில்லை. புது ரத்தம் ஊறுவதற்குச் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று தினமும்.

“இது மொத்தமா போயிரும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது. “அடங்கி இருக்கும். திரும்ப வந்தா திரும்பப் பாப்போம். ஆனா ஐஸ் தொட்டிகிட்ட இனி போகவே கூடாது.”

நோய் என்று சொன்னபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அந்த இரைச்சலை விட்டால் நான் எங்கே போவேன்? கடையில் நின்றால் வருகிறவர்களிடம் பேச வேண்டும். ஆட்டோ ஓட்டினாலும் பேச வேண்டும். காவல் வேலைக்குப் போனால்கூட வருகிறவனை யார் என்று கேட்க வேண்டும். வீட்டில் கிடந்து இதையே யோசித்தேன்.

வீட்டில் சட்டங்கள் மாறியிருந்தன. வெந்நீர்க் குளியல், சுடச்சுடச் சோறு. பிரிட்ஜை நான் திறக்கக் கூடாது. “இனிமே அதுல இருக்கறதெல்லாம் எனக்குத்தான்” என்றாள் மனைவி. வெளியே போனால் கம்பளிக் குல்லா, கையுறை, காலுறை. கத்திரி வெயிலில் தூத்துக்குடியில் குல்லா விற்பது யார்? கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடைக்காரர் பரணில் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். சபரிமலைக்குப் போகிறவர்களுக்காக வாங்கி விற்காமல் போன குரங்குக் குல்லா. கறுப்பு. கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். காலுறை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை.

யார் கண்ணிலும் படாமல் வாழ நினைத்த மனிதன் அந்தக் கோலத்தில் தெருவில் இறங்கினால் எப்படி இருக்கும்? நாய்கூட நின்று பார்த்தது.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடந்ததால் கம்பெனியிலும் வேலை குறைவு. தடை முடிய சில நாட்கள் இருக்கும்போது அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். காரில் ஏசி போட்டதற்கு இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

“ஏலே, டோக்கன் சன்னல் சும்மா கெடக்கு. தகரக் கூரை, முன்னால ரோடு. வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும். எவனும் ஒரு மாசம் தாண்டி இருக்க மாட்டேங்கான். ஒனக்கு அது மருந்துல்லா?”

மருந்துதான். ஆனால் அந்தச் சன்னலில் இருக்கிறவன்தான் படகின் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். யாருக்கு எத்தனை பார் என்று உள்ளே குரல் கொடுக்க வேண்டும். முண்டியடிக்கிறவனை அதட்ட வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்குத் தெரியும்லே” என்றார் அண்ணாச்சி. “ஒரு வாரம் உக்காரு. சத்தம் வரலேன்னா சொல்லு. நான் என்ன செய்ய, அதுக்கு மேல எங்கிட்ட வேற எடம் இல்ல.”

தடை முடிவதற்கு முந்தின நாள் சன்னலில் உட்கார்ந்தேன். எல்லாப் படகுக்கும் அன்றைக்கே ஐஸ் வேண்டும். ரோடு அடைத்துக்கொண்டு கூட்டம். நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. ஒருவனுடைய டோக்கனை இன்னொருவன் வாங்கிக்கொண்டு போனான். “ஏ, உள்ள ஆளு இருக்கா? வெறும் குல்லாதான் தெரியுது!” என்று யாரோ கத்தினான். கூட்டம் சிரித்தது. மறுநாளும் அதே கதை. அண்ணாச்சி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாம் நாள் மீன் வியாபாரம் செய்கிற ஒரு அக்கா கூடையோடு சன்னலுக்கு வந்தார். பெரிய குரல். அந்தப் பக்கம் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

“ஏண்ணே, கொடைக்கானல்ல இருந்து நேரா இங்க வாரீயளா? இந்த வெயிலுல இப்படிப் பொதிஞ்சு உக்காந்து இருக்கீய?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வியர்வை கழுத்தில் வழிந்தது. சூடு முகத்தில் அடித்தது. என்ன நடந்தது என்று தெரியவில்லை, பதில் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“ஐஸைக் கண்டாலே எனக்குப் பயம் தாயி. அதான் ஒரு கட்டிகூட இங்கன தங்காம ஒங்க தலையில ஏத்தி அனுப்புதேன்.”

அந்த அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “ஏ, குல்லா பேசுதுப்பா!” என்று பின்னால் திரும்பிச் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் சன்னலை நோக்கி நெருக்கியது. படகு ஆட்கள் ஆளாளுக்குக் கையை உள்ளே நீட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம்.

“வரிசையில நில்லுங்கலே! எல்லாருக்கும் உண்டு! கையை எடு மொதல்ல!”

கைகள் பின்வாங்கின. கம்ப்ரசர் இரைச்சலையும் தாண்டி உள்ளே என் குரல் போயிருக்க வேண்டும். அண்ணாச்சி கதவைத் திறந்து, பேசியது யார் என்று எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வாரக் கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் என் மனைவி சுடுசோற்றோடு வந்தாள். அவள் ரோட்டு முனையில் திரும்பும்போதே நான் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு படகுக்காரரோடு எனக்கு அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய முறை போய்விட்டது என்று நானும், போகவில்லை என்று அவரும். அவள் அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நின்றுவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகுதான் பக்கத்தில் வந்தாள். என் கையுறையைக் கழற்றி விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

“நல்லாத்தான் கத்துறீய” என்றாள். தூக்குவாளியைத் திறந்து வைத்தாள், ஆவி வந்தது. “இந்தச் சத்தத்தையெல்லாம் இங்கனயே வச்சுட்டு வந்திரணும். வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.